முறிந்த நம்பிக்கையும் மீண்ட கழகமும்
லீட்ஸ் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழக வரலாற்றில் ஓர் அதிகாரம்: 1974 – 1978

வலிமை மிக்க வேந்தன் ஒருவன் நெடுங்காலம் ஆண்டு நீங்கியபின், அடுத்து வருவோன் அரியணையில் நிலைபெறும் வரையுள்ள இடைக்காலமே ஒரு நாட்டுக்கு இடர் மிகுந்த காலம் என்பது அரசியல் வரலாறு கற்போர் அறிந்த உண்மையாகும். அக்காலத்திற் கோட்டை மதில்கள் இடிவதில்லை, கருவூலம் உடனே வறள்வதில்லை, படையுங் கலைவதில்லை. ஆயினும் ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிணைத்து நின்ற நம்பிக்கை என்னும் கயிறு இழை இழையாக அறுந்துபோகின்றது. அரசுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு கல்லூரிக்கும், ஒரு சங்கத்துக்கும், ஒரு விளையாட்டுக் கழகத்துக்கும் ஒருங்கே பொருந்துவதாம். இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் யோக்சயர் மாகாணத்தைச் சேர்ந்த லீட்ஸ் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றிற் காணப்படுகின்றது. 1974 ஆம் ஆண்டில், நாட்டின் முதன்மைக் கழகமாய் விளங்கிய அஃது, ஒரு முகாமையாளர் விலகியதால் நிலைகுலைந்து, மற்றொருவரை நாற்பத்து நான்கே நாளில் வெளியேற்றி, மூன்றாமவர் ஒருவராற் படிப்படியாகத் தன்னிலை மீண்டது. இம்மூவரின் செயல்களையும் ஒப்புநோக்குதல், நம்பிக்கை எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு மீள்கின்றது என்பதை விளக்கும்.

டொன் றெவி என்பார் 1961 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லீட்ஸ் கழகத்தின் ஆட்டக்கார முகாமையாளராகப் பொறுப்பேற்றார். அப்போது கழகம் இரண்டாம் பிரிவில் உழன்றுகொண்டிருந்தது. றெவி இளைஞரைத் தேடிக் கொணர்ந்து, அவரை ஒரே அணியாக வளர்த்தெடுத்தார். உடையையும் முழுவெண்மையாக மாற்றினார். ஸ்பானிய நாட்டின் புகழ்பெற்ற றியல் மட்றிட் கழகத்தைப் பின்பற்றியது அம்மாற்றம். 1964 இற் கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1968 இல் லீக் கிண்ணமும், 1969 இல் முதற்பிரிவு வாகையும், 1972 இல் எவ்.ஏ. கிண்ணமும், 1974 இல் இரண்டாவது முறையாக முதற்பிரிவு வாகையும் அதன் வசமாயின. இவற்றுக்கிடையே 1968 இலும் 1971 இலும் ஐரோப்பியப் போட்டியொன்றிலும் அது வென்றது. 1973–74 ஆம் பருவத்தில் முதல் இருபத்தொன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோல்வியுறாது சென்ற இவ்வணி, பருவம் முழுவதிலும் நான்கு ஆட்டங்களிலேயே தோற்றது.

இவ்வெற்றிகளின் அடியில் இருந்தது றெவி அமைத்த குடும்ப ஒழுங்காகும். ஆட்டக்காரரின் மனைவியர் நலமும் மக்கள் நலமும் அவர் கருத்தில் இருந்தன; பிறந்தநாட்களை அவர் மறந்தாரல்லர்; பெரிய ஆட்டத்துக்கு முன்னிரவில் விடுதியில் ஆட்டக்காரர் அனைவரும் ஒருங்கிருந்து எளிய விளையாட்டுக்களிற் பொழுதுபோக்குவது வழக்கமாயிருந்தது. எதிரணியைப் பற்றிய விரிவான குறிப்பேடுகள் முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டன. தலைவன் பில்லி பிறெம்னர், ஜொனி ஜைல்ஸ், நோர்மன் ஹன்ரர், பீற்றர் லோறிமர் முதலியோர் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் ஒருவரையொருவர் பிரியாது ஆடினர். புறத்தே இவ்வணிக்குப் பகைவர் பலர். இது முரட்டுத்தனமாக ஆடுகின்றது என்றும், மத்தியஸ்தரை நெருக்குகின்றது என்றும் பலர் குற்றஞ் சாட்டினர். அக்குற்றச்சாட்டில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறுதல் இயலாது. ஆனால் வெளிப்பகை மிகமிக உள்ளுறவு இறுகியது. உலகம் தம்மை வெறுக்கின்றது என்ற எண்ணமே அவர்களை ஒன்றாக்கிய சுண்ணச்சாந்தாயிற்று.

1974 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் றெவி இங்கிலாந்துத் தேசிய அணியின் முகாமையாளராக நியமனம் பெற்றுச் சென்றார். தம் இடத்துக்கு ஜொனி ஜைல்ஸ் தக்கவர் என்பது அவர் பரிந்துரை. மனி கசின்ஸ் என்பாரைத் தவிசாளராகக் கொண்ட பணிப்பாளர் சபை அதனை ஏற்கவில்லை. அது தெரிந்தெடுத்தவர் பிறயன் கிளவ்.

கிளவ் ஆற்றலில் எவர்க்கும் இளைத்தவரல்லர். றெவியைப் போன்றே மிடில்ஸ்பறோ என்னும் தொழில் நகரிற் பிறந்தவர். ஆட்டக்காரராகக் கோல்களைக் குவித்து வந்த காலத்தில், முழங்காற் காயத்தால் அவ்வாழ்வு இடையில் முறிந்தது. பின்பு பீற்றர் ரெயிலர் என்னும் துணைவருடன் டார்பி கவுன்ரி என்னும் சிறு கழகத்தை இரண்டாம் பிரிவினின்று உயர்த்தி, 1972 இல் நாட்டின் வாகையராக்கினார். 1973 இல் ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதி வரை அழைத்துச் சென்றார். ஆயின், லீட்ஸ் கழகத்தை அவரைப்போல் வெளிப்படையாகத் தாக்கியோர் வேறிலர். ஒழுங்கீனத்தின் பொருட்டு அக்கழகத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்க வேண்டுமென்று 1973 ஆம் ஆண்டிற் பத்திரிகை வாயிலாகவே அவர் எழுதியிருந்தார். எந்த வீட்டைத் தீயது என்று ஊரறியக் கூறினாரோ, அந்த வீட்டுக்கே தலைவராக அவரைப் பணிப்பாளர் சபை அழைத்தது.

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் முன்னும், 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. ஆராய்ந்து ஒருவனை நம்புதல் முதலிலும், அவனுக்குரிய வினையில் அவனை ஆளுதல் அடுத்தும் நிகழவேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். லீட்ஸ் பணிப்பாளர் சபை கிளவின் ஆற்றலை ஆராய்ந்தது. அவருக்கும் அவ்வணிக்கும் இடையே நம்பிக்கை விளைய இடமுண்டோ என்பதை ஆராயவில்லை. வினையை முதலிற் கொடுத்துத் தெளிவைப் பின்னர்த் தேடிய பிழையே அதன் முதற் பிழையாகும்.

கிளவின் துணைவரான ரெயிலர் அவருடன் லீட்ஸ் வரவில்லை; பிறைற்றன் கழகத்திலேயே தங்கிவிட்டார். மனிதரை இணக்குங் கலையில் வல்ல அத்துணைவர் இன்றித் தனித்து வந்தமை கிளவுக்குப் பேரிழப்பாயிற்று. வந்தபின் ஆட்டக்காரரைக் கூட்டி அவர் ஆற்றிய முதலுரை பிற்காலத்திற் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அவர்கள் பெற்ற பதக்கங்கள் நேர்மையாய்ப் பெற்றவையல்ல. ஆதலின் அவற்றைக் குப்பையில் எறிந்துவிடலாம் என்பது அவ்வுரையின் சாரம். காயங்களால் நெடுநாள் வருந்திய எடி கிறே என்னும் அருமையான ஆட்டக்காரரை நோக்கி, அவர் பந்தயக் குதிரையாயிருந்தால் முன்னரே சுட்டுக் கொன்றிருப்பர் என்ற கருத்துப்படப் பேசியதாகவும் கூறுவர். காயத்தால் தம் ஆட்டவாழ்வை இழந்த ஒருவரின் வாயினின்று இச்சொல் பிறந்தமை வருந்தத்தக்கது.

ஆகஸ்ட் 10 ஆம் நாள் வெம்பிளி அரங்கில் லிவர்பூல் கழகத்துடன் நடந்த அறக்கேடய ஆட்டத்திற் பிறெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் கைகலந்து வெளியேற்றப்பட்டனர். இருவருக்கும் நீண்டகாலத் தடை விதிக்கப்பட்டது. அதனாற் பல ஆட்டங்களை அணித்தலைவன் இன்றியே லீட்ஸ் ஆடவேண்டியதாயிற்று. முதல் ஆறு லீக் ஆட்டங்களிற் கிடைத்த வெற்றி ஒன்று, சமநிலை இரண்டு, தோல்வி மூன்று. கிளவ் டார்பியிலிருந்து கொணர்ந்த ஜோன் மக்கவர்ன் தம் சொந்த மைதானமாகிய எலன்ட் றோட்டிலேயே பார்வையாளரின் ஏளனத்துக்கு ஆளானார். ஆட்டக்காரரும் பணிப்பாளரும் கூடிப் பேசிய கூட்டத்தில் அதிருப்தி வெளிப்பட்டது. செப்டெம்பர் 12 ஆம் நாள் கிளவ் நீக்கப்பட்டார். அன்றிரவே யோக்சயர்த் தொலைக்காட்சியில் றெவியும் கிளவும் ஒருங்கே தோன்றி வாதிட்டனர். முன்னவரினும் மேலான முறையில் வாகை சூடவே தாம் விரும்பியதாகக் கிளவ் கூற, நான்கு ஆட்டங்களில் மாத்திரம் தோற்ற அணி அதனினும் மேலாக வெல்வது எங்ஙனம் என்று றெவி வினாவினார். இருவர் கூற்றிலும் அவரவர் நோக்கில் நியாயம் இருந்தது. ஒருவர் வெற்றியின் பண்பைப் பற்றிப் பேசினார். மற்றவர் வெற்றியின் அளவைப் பற்றிப் பேசினார்.

கிளவின் நோய்க்குறிப்பு முற்றிலும் தவறானதன்று என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1974 ஆகஸ்டில் ஜைல்சுக்கு வயது 33; பிறெம்னருக்கு 31; ஹன்ரருக்கு 30. அணி முதுமையடைந்துகொண்டிருந்தது. புத்திரத்தம் வேண்டப்பட்டது. ஆட்டவொழுக்கமும் திருந்தவேண்டியிருந்தது. ஆயின் நோயை அறிந்த மருத்துவன், நோயாளியின் கடந்த வாழ்வு முழுவதையும் இகழ்ந்த பின் மருந்தை நீட்டினால் அதனை உண்பார் யார்? ஒரு மனிதனின் இனிவரும் உழைப்பைக் கேட்பவர், அவனுடைய கழிந்த உழைப்பை மதித்தாக வேண்டும். இவ்வெளிய உண்மையைப் பேராற்றல் படைத்த கிளவ் அன்று மறந்தார்.

கிளவ் நீங்கியதாற் கழகத்தின் இடர் தீர்ந்துவிடவில்லை. ஒரு வகையில் அது பெருகியது. முகாமையாளரை நீக்கியது ஆட்டக்காரரின் ஆட்சியே என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. அடுத்து வருவோர் ஆட்டக்காரருக்கு அஞ்சி நடப்பாரோ என்ற ஐயம் ஒருபுறம். ஒரே கோடையில் இருவகையாற் பிழைத்த பணிப்பாளர் சபையில் ஐயம் மறுபுறம். பழைய பணியாளரான மொறிஸ் லிண்ட்லி சிலகாலம் பொறுப்பைத் தாங்கினார். ஒக்டோபர் மாதத்தில் ஜிம்மி ஆம்பீல்ட் நியமனம் பெற்றார்.

ஆம்பீல்ட் கிளவ் பிறந்த அதே 1935 ஆம் ஆண்டிற் பிறந்தவர். வயதால் ஒத்த இருவரும் இயல்பால் வேறுபட்டவர். பிளக்பூல் என்னும் ஒரே கழகத்துக்கே தம் ஆட்டவாழ்வு முழுவதையும் அளித்தவர் ஆம்பீல்ட். இங்கிலாந்துக்காக 43 ஆட்டங்கள் ஆடியவர். அவ்வணிக்குத் தலைவராயும் இருந்தவர். முகாமையாளராய்ப் போல்ற்றன் கழகத்தை 1973 இல் மூன்றாம் பிரிவின் வாகையராக்கியவர். புகைக்குழாயும் கையுமாக அமைந்து பேசும் அவர், தேவாலயத்தில் இசைக்கருவி வாசிப்பதிலும் ஈடுபாடுடையவர். அவரிடம் வியத்தகு முழக்கம் எதுவும் இருக்கவில்லை. அன்று அக்கழகத்துக்கு முழக்கம் தேவைப்படவுமில்லை.

அவர் கையாண்ட முறையை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, கடந்த காலத்தை அவர் வழக்காக்கவில்லை. யார் குற்றவாளி, யார் கிளவை வெளியேற்றினார் என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கினாரில்லை. பழைய ஆட்டக்காரரின் பெருமையை ஏற்றுக்கொண்டு, அவர்களிடமே மீண்டும் பொறுப்பை ஒப்படைத்தார். இரண்டாவது, மாற்றத்தை அவர் ஒத்திவைத்தார். எதனையும் ஆறப்போட்டு முடிவு செய்யும் அவர் இயல்பு பகடிக்கு இடமாயிற்று. முடிவெடுக்கத் தயங்குபவர் என்று ஆட்டக்காரரே நகையாடினர். ஆனால், ஒரே கோடையில் இரு பெரும் புயல்களைக் கண்ட கழகத்துக்கு அத்தயக்கமே ஒருவகை மருந்தாயிற்று. மூன்றாவது, உறவை உண்டாக்கும் புதுவழியை அவர் நாடினார். 'சின்டறெல்லா' என்னும் பழங்கதையை நகைச்சுவை நாடகமாகத் தாமே எழுதி, லீட்ஸ் நகரின் சிற்றி வறைற்றீஸ் அரங்கில் ஆட்டக்காரரைக் கொண்டே நடிப்பித்தார். கிளவ் வாங்கிய டங்கன் மக்கென்சியும் றெவி வளர்த்த பிறெம்னரும் ஒரே மேடையில் வேடம் புனைந்து நின்றனர். பிளவுபட்ட இரு சாராரும் சேர்ந்து சிரிப்பதற்கு இடஞ்செய்த இச்செயல், பல கூட்டங்களும் அறிவுரைகளும் செய்ய இயலாததைச் செய்ததாகக் கொள்ளலாம்.

இதன் பயன் லீக் ஆட்டங்களில் மெல்லத் தோன்றியது. பருவத் தொடக்கத்தில் அடிநிலைக்கு அண்மையிற் கிடந்த கழகம், முடிவில் ஒன்பதாம் இடத்துக்கு உயர்ந்தது. ஐரோப்பியக் கிண்ணத்திலோ அது பெருஞ்சிறப்பெய்தியது. சூரிச் கழகத்தை லிண்ட்லியின் இடைக்காலப் பொறுப்பிலேயே வென்ற லீட்ஸ், ஆம்பீல்டின் கீழ் ஹங்கேரியின் ஊய்பெஸ்ற் டோசாவையும், பெல்ஜியத்தின் அன்டர்லெக்ற் கழகத்தையும் வென்றது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது யொகான் குறைவ் ஆடிய பார்சிலோனா. 1975 ஏப்பிரிலில் எலன்ட் றோட்டில் இரண்டுக்கு ஒன்றென லீட்ஸ் வென்றது. அவ்விரு கோல்களை அடித்தோர் பிறெம்னரும் அலன் கிளார்க்கும். பார்சிலோனாவில் லோறிமர் தொடக்கத்திலேயே கோல் அடித்தார். கோர்டன் மக்குவீன் வெளியேற்றப்பட்டமையால் எஞ்சிய நேரம் பத்துப் பேராய் நின்று, ஒன்றுக்கொன்று என்ற சமநிலையைக் காத்தனர். எட்டுத் திங்கள் முன் யாரையும் நம்பாதிருந்த ஓர் அணி, அன்று ஒருவர் இடத்தை மற்றவர் தாங்கிநின்றது.

1975 மே 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் மேற்கு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துடன் இறுதியாட்டம் நடைபெற்றது. ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டிய இரண்டாவது ஆங்கிலக் கழகம் லீட்ஸ் ஆகும். தண்ட உதை வேண்டி லீட்ஸ் விடுத்த முறையீடுகள் ஏற்கப்படவில்லை. லோறிமர் அடித்த கோலும், பிறெம்னர் ஓவ்சைட் நிலையில் நின்றார் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. பின்னர் றொத், முல்லர் ஆகிய இருவரும் அடித்த கோல்களால் பயர்ன் வென்றது. சுட்டுக் கொல்லத்தக்க குதிரைக்கு ஒப்பிடப்பட்ட எடி கிறே, அவ்வாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அணியினுள் நம்பிக்கை மீண்டது. ஆனால் அரங்கில் அது மீளவில்லை. கோல் மறுக்கப்பட்டதாற் சினமுற்ற லீட்ஸ் ஆதரவாளரிற் பலர் இருக்கைகளைப் பெயர்த்தெறிந்து கலகம் விளைத்தனர். ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் கழகத்துக்கு நான்காண்டுத் தடை விதித்தது. ஆம்பீல்ட் முன்னின்று மேன்முறையீட்டில் வாதாடியதன் பயனாக அத்தடை ஈராண்டாகக் குறைந்தது. தம் ஆட்டக்காரர் செய்யாத குற்றத்துக்காகவும், தாம் செய்யாத குற்றத்துக்காகவும் ஒரு முகாமையாளர் சென்று மன்றாடியமை, தலைமை என்பது யாது என்பதை உணர்த்தும். உலகம் தம்மை வெறுக்கின்றது என்று நெடுங்காலம் எண்ணிப் பழகிய ஒரு கழகத்தின் மனநிலை, அதன் ஆதரவாளரிடம் இவ்வாறு வெடித்தது போலும். அணியை இறுக்கிய சாந்தே அரங்கை எரித்த நெருப்புமாயிற்று.

அதன்பின்னரே ஆம்பீல்ட் மாற்றத்திற் கைவைத்தார். 1975 இல் ஜைல்சும், 1976 இல் ஹன்ரரும் பிறெம்னரும் கழகத்தை விட்டு நீங்கினர். எவரும் பழியுரையுடன் துரத்தப்படவில்லை. காலம் வந்தபோது ஒவ்வொருவராய் விடைபெற்றனர். ரொனி கறி, ஆதர் கிரகாம், பிறயன் பிளின் முதலியோர் அவ்விடங்களை நிரப்பினர். 1976 இற் கழகம் லீக்கில் ஐந்தாம் இடத்தையும், 1977 இல் எவ்.ஏ. கிண்ணத்தின் அரையிறுதியையும், 1978 இல் லீக் கிண்ணத்தின் அரையிறுதியையும் எட்டியது. வாகை எதுவும் கிட்டவில்லை. கிளவ் ஒரே நாளிற் செய்ய முயன்றதை ஆம்பீல்ட் மூவாண்டிற் செய்தார். செய்தபோது கழகம் உடையவில்லை.

எனினும் பணிப்பாளர் சபை 1978 கோடையில் ஆம்பீல்டை நீக்கிற்று. கிண்ணம் கொணராத அமைதியை அது போதியதாக மதிக்கவில்லை. அடுத்து வந்தவர் ஸ்கொட்லாந்தின் பெரும்புகழ் பெற்ற ஜொக் ஸ்ரெயின். அவரும் நாற்பத்து நான்கே நாட்கள் இருந்து, தம் நாட்டு அணியின் பொறுப்பை ஏற்கச் சென்றுவிட்டார். 1982 இல் லீட்ஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மீண்டும் எழுந்து வாகை சூட 1992 வரை அது காத்திருக்க நேர்ந்தது.

கிளவின் பிற்கால வரலாறும் இவ்வாராய்ச்சிக்கு ஒளி தருவதாகும். 1975 சனவரியில் அவர் நொற்றிங்கம் பொறெஸ்ற் என்னும் இரண்டாம் பிரிவுக் கழகத்துக்குச் சென்றார். லீட்ஸ் பார்வையாளர் ஏளனஞ் செய்த மக்கவர்னை அங்கு அழைத்துக்கொண்டு, பின்னர் அணித்தலைவராக்கினார். 1976 இல் ரெயிலர் மீண்டும் அவருடன் இணைந்தார். 1978 இல் முதற்பிரிவு வாகையும், 1979 இலும் 1980 இலும் ஐரோப்பியக் கிண்ணமும் பொறெஸ்ற் வசமாயின; இருமுறையும் அக்கிண்ணத்தை ஏந்தியவர் மக்கவர்ன். 1978 இல் லீக் கிண்ண அரையிறுதியில் லீட்ஸை வீழ்த்தியதும் அக்கழகமே. லீட்ஸ் நகரில் தோற்ற மனிதரும் அவர் கொணர்ந்த ஆட்டக்காரரும் ஆற்றலற்றவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஆற்றல் ஒன்றே, ஓரிடத்தில் நம்பிக்கை அதனைத் தாங்கிற்று, மற்றோரிடத்தில் அவநம்பிக்கை அதனை வீழ்த்திற்று.

இவ்வரலாற்றினின்று பெறத்தக்க முடிபுகள் சில. முன்னவர் ஈட்டிய நம்பிக்கை அவருடனேயே சென்றுவிடும். பின்னவர் பதவியைப் பெறுவதுபோல் அதனையும் உடன்பெற இயலாது. மாற்றம் வேண்டுமாயின், மாறவேண்டியோரின் பழைய உழைப்பை முதலில் மதித்தல் வேண்டும். அறிஞர் கூறும் உண்மையாயினும், பகையாகக் கூறப்படின் அது பயன்படுவதில்லை. மேலும், உள்ளே அமைதியை மீட்டவன் புறத்தே வெற்றியையும் உடனே கொணர்வான் என்பது உறுதியன்று. ஆம்பீல்டின் ஆட்சியிற் கிண்ணம் இல்லை என்று கணக்கிடுவோர் உளர். ஆயின் வீழ்ந்துகொண்டிருந்த வீட்டைத் தாங்கிப்பிடித்தவன் நாட்டிய தூண், அவ்வீட்டின் அலங்காரப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. 2018 சனவரியில் ஆம்பீல்ட் காலமானார். பள்ளிகளிலும் சங்கங்களிலும் பெருந்தலைவர் ஒருவரின் பின்னர்ப் பொறுப்பேற்று, ஆரவாரமின்றி இடைக்காலத்தைக் கடத்தித் தந்தோரை வரலாறு சில வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். அவர் தாங்கி நின்றமையாலேயே அடுத்த அதிகாரம் எழுதப்பட இடமிருந்தது என்பதை வரலாறு கற்போர் மறத்தல் ஆகாது.